தட்டினால் சொல்லும்

வைகாசி விசாகம் நெருங்கி, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஊரெல்லாம் ஆயத்தமாகும் நாள்களில் பானை வாங்குகிறவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? பானையின் நிறத்தைப் பார்ப்பார்கள், வாயின் வட்டத்தைப் பார்ப்பார்கள். அதெல்லாம் ஒப்புக்கு. கடைசியில் பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலின் மொளியால் அதன் வயிற்றில் ஒரு சுண்டுச் சுண்டுவார்கள். 'கணீர்' என்று எழுந்து சற்று நின்று அடங்கினால் பானை வீட்டுக்கு வரும். கரகரத்தாலோ, எழுந்த ஓசை எழுந்த இடத்திலேயே செத்தாலோ, அதனை மெல்லக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். விற்கிறவரும் மறுத்துப் பேசுவதில்லை. பானை தானே சாட்சி சொல்லிவிட்டது.

அன்பான நேயர்களே, இன்று நாம் பேசப்போவது இந்தச் சுண்டுதலின் வரலாறு. பானையின் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுவர் அதிரும்போது வெடிப்பின் இரு கரைகளும் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த அதிர்வைத் தின்றுவிடும். கண் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஓசை உள்ளே போய்த் திரும்பி வருகிறது. இன்று விண்கலத்துக்கான உருக்கையும், அணுவுலையின் குழாய்களையும், புதிதாக ஆக்கப்பட்ட பளிங்குகளையும் ஆய்வுகூடங்களில் சோதிப்போர் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். ஒலியலையை உள்ளே அனுப்புகிறார்கள், திரும்பி வருவதைக் கேட்கிறார்கள், கேட்டதிலிருந்து உள்ளே இருப்பதை அறிகிறார்கள். கருவி மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை.

நமது வாழ்க்கையில் இந்தச் சோதனை பரவிக் கிடக்கிறது. தேங்காயைத் தட்டுகிறோம், பலாப்பழத்தைத் தட்டுகிறோம். கூரை வேய்கிறவர் ஓட்டை ஒன்றோடொன்று மெல்ல மோதிப் பார்த்தே ஏணியில் ஏற்றுவார். போருக்கு முன்னர் ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கிய மண் இது. கடற்கரையில் வள்ளத்தின் பலகையைத் தட்டி உளுத்த இடம் எதுவெனக் காண்பார்கள். கோவலன் கூத்து ஆடும் களரியில் அண்ணாவியார் மத்தளத்தின் தோலைச் சுற்றிவர ஒவ்வோரிடமாகத் தட்டிக் கேட்டபிறகே பாட்டைத் தொடங்குவார். பறையைத் தீயில் காட்டுவதும் இதன்பாற்பட்டதே. ஈரம் ஏறிய தோல் தளர்ந்து ஓசை இறங்கிவிடும். வெம்மை ஈரத்தை ஓட்டத் தோல் இறுகி ஓசை ஏறும். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதைக் காது சொல்லும். தமிழில் ஓசைக்கு இத்தனை சொற்கள் இருப்பதற்கும் இதுவே காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. கணீர், கலீர், டங், பொத், மொத்து என்று சொல்லும்போதே அந்தப் பொருள் வெண்கலமா, மண்ணா, மரமா, உள்ளீடற்றதா என்பது தெரிந்துவிடுகிறதே.

இந்த அறிவு எங்கும் கைவினையாளரிடம்தான் பிறந்தது. வியன்னா நகரில் மருத்துவராயிருந்த லியோபோல்ட் ஔவன்புருக்கர் 1761இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டைக் கொண்டு நெஞ்சினுள் நீர் கோத்திருக்கிறதா என்று அறியலாம் என்பது அவர் கண்டது. இன்றும் மருத்துவர்கள் இடக்கை விரலை மார்பில் வைத்து அதன்மேல் வலக்கை விரலால் தட்டுகிறார்களே, அதன் தொடக்கம் அங்கேதான். ஔவன்புருக்கரின் தந்தையார் விடுதி நடத்தியவர். வைன் பீப்பாய்களைத் தட்டி, எந்த மட்டத்தில் வைன் நிற்கிறது என்று அறிவது அந்தத் தொழிலின் வழக்கம். மகன் பீப்பாயை விட்டு மனிதனுக்கு வந்தார். நூலில் மகனின் பெயர் நின்றது. பீப்பாய் தட்டியவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? இந்தக் கேள்வியை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்வோம். பின்னர் நமக்கு வேண்டும்.

ஓசை காற்றில் மட்டுமன்றித் திண்பொருள்களிலும் ஓடுகிறது, அதுவும் மிக விரைவாக ஓடுகிறது என்பதற்கு நமது நாட்டிலேயே அழகான சான்று உண்டு. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தின் அருகே, நிலவுள்ள இரவுகளில் நீருக்கடியிலிருந்து ஓர் இசை கேட்கும் என்பர். 'பாடும் மீன்' என்று பெயர் பெற்றது அதுவே. அதனைக் கேட்க விரும்புகிறவர் செய்வது என்ன? சவளின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையைக் காதோடு பொருத்திக்கொள்வார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848இல் அங்கே தோணியில் போய் இதைக் கேட்டு, 1859இல் வெளியான தமது பெருநூலில் பதிந்துவைத்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசையோடு அதை ஒப்பிட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருத்துக் கேட்டதையும் குறித்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு அன்றே இருந்தது. அந்த வழக்கில் நாம் இறங்க வேண்டாம். நமக்கு வேண்டியது சவள். நீரின் அதிர்வை மரம் வாங்கி, காற்றை இடையில் விடாமல் செவிக்குக் கொண்டுவருகிறது. இன்றைய கழியொலிக் கருவியைப் பொருளின்மேல் வைக்கும் முன் எண்ணெயோ களிம்போ தடவுவது எதற்காக? இடையில் காற்று புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வாவி மீனவர் சவளைக் காதில் வைத்ததும் அதே காரணத்துக்காக.

திண்பொருளில் ஓசையின் வேகத்தை அளந்தவர்களில் முந்தியவர் பிரெஞ்சு அறிஞர் ஜான் பப்ரிஸ்ற் பியோ. பாரிஸ் நகரில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த நீளத்தில் வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய் பதித்திருந்தார்கள். 1808இல் அதன் ஒரு முனையில் அடிக்கச் செய்து மறுமுனையில் நின்றார் பியோ. ஓர் அடிக்கு இரண்டு ஓசை கேட்டது. முதலில் வந்தது இரும்பின் வழி, பிந்தி வந்தது குழாயினுள்ளிருந்த காற்றின் வழி. இரும்பில் ஓசை காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரைகிறது என்று அவர் கணித்தார். இன்று நமக்குத் தெரிந்த கணக்குப்படி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர், நீரில் 1,480 மீற்றர், உருக்கில் 5,900 மீற்றர், வைரத்தில் ஏறத்தாழ 18,000 மீற்றர். ஈயம் உருக்கிலும் பாரமானது. ஆனால் அதில் 2,200 மீற்றர் அளவுதான். பாரம் ஓசையைத் தாமதப்படுத்துகிறது, விறைப்பு அதனை விரைவுபடுத்துகிறது. ஆகவே ஒரு பொருளில் ஓசையின் வேகத்தையும் அப்பொருளின் அடர்த்தியையும் அறிந்தால், அது எவ்வளவு விறைப்பானது என்பதை உடைக்காமல், வளைக்காமல், கீறாமல் சொல்லிவிடலாம். ஒலியால் பொருளை ஆராயும் கலை முழுவதும் இந்த ஒரு வரியில் நிற்கிறது.

இனி நமது கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அதன் நாயகன் மிருதங்கம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமனை ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவராகவே நாம் அறிவோம். அதற்கு முன்னைய ஆண்டுகளில் அவர் பெரிதும் ஓசையோடு வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராக வேலை; காலையும் மாலையும் பௌபசார் வீதியிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்தில் வயலின் தந்திகளோடும் தம்புராவோடும் வீணையோடும் மல்லாட்டம். மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

அந்நாளைய மேலைநாட்டு ஒலியியலில் ஒரு பொதுக்கருத்து வேரோடியிருந்தது. தந்தியும் குழலும் இசைக்கு உரியவை. தோல் இரைச்சலுக்கு உரியது என்பதே அது. காரணமும் சொன்னார்கள். இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரட்டி, மும்மடங்கு, நான்மடங்கு என்று முழு எண்களில் மேற்சுரங்கள் எழுகின்றன; செவிக்கு அது இசையாகிறது. வட்டமான தோலைத் தட்டினாலோ அடிப்படையை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கின்றிப் போகின்றன. கணிதம் சொல்கிறது, ஆகவே தோல் பாடாது. இது சீரான தோலுக்குச் சரியான கணக்கு. ஆனால் கச்சேரி மேடையில் மிருதங்கத்தைத் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறார்களே! இரைச்சலைச் சுருதி சேர்ப்பது எப்படி?

ராமன் தம்மோடு பணியாற்றிய சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பில் இதற்கு விடை இருந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலிலும் தபேலாவிலும் எழும் மேற்சுரங்கள் ஏறத்தாழ முழு எண்களிலேயே அமைகின்றன என்று காட்டினார்கள். பிறகு 1934இல், அவர் பெங்களூருக்குப் போய்விட்ட காலத்தில், இதனையே விரித்து எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, தட்டும்போது மணல் எங்கெங்கே ஒதுங்கிக் கோடாகிறது என்று படம் பிடித்தார். தோல் ஒன்பது வகையாக அதிர்கிறது. ஆயினும் அந்த ஒன்பதும் தனித்தனி ஒன்பது சுரங்களாகச் சிதறாமல் ஐந்தே சுரங்களில் வந்து கூடுகின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கில் நிற்கின்றன. தந்திக்குரிய ஒழுங்கு தோலில் வந்து குடியேறியிருக்கிறது.

இதைச் செய்வது தோலின் நடுவிலுள்ள கரிய வட்டம். சோறு என்றும் கரணை என்றும் சொல்வார்கள். சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படையாக இட்டு, கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் இன்னொரு படை, அதன்மேல் இன்னொன்று என்று நடுவில் கனத்தும் விளிம்பில் மெலிந்தும் வரும்படி ஏற்றுவது. தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு வேண்டும். இல்லையேல் வட்டம் ஒரு தகடுபோல் விறைத்துத் தோலை அதிரவிடாது. பாரம் ஏறவேண்டும், நெகிழ்வும் போகக்கூடாது. இரண்டும் ஒரே பொருளில் வேண்டும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், சோறு, கற்பொடி என நான்கு இயற்கைப் பொருள்களை எடுத்து, எந்தத் தனிப்பொருளிலும் இல்லாத குணமுடைய ஐந்தாவது ஒன்றை ஆக்குவதை இன்றைய பொறியியலார் கூட்டுப்பொருள் என்பார்கள், முன்னேறிய திரவியம் என்பார்கள். அதற்கென்று பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன. 1954இல் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் எம். எம். சோந்தியும் மிருதங்கத் தோலை இவ்வாறு கூட்டுத்தோலாக எடுத்துக்கொண்டு கணிதம் செய்து ராமனின் செவி சொன்னதை உறுதிப்படுத்தினார்கள். அந்தச் சோந்தியே பின்னாளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொலைபேசியின் எதிரொலியை நீக்கும் வழியை வகுத்தோரில் ஒருவரானார். மிருதங்கத்தில் பழகிய காது எங்கெங்கே போயிருக்கிறது பாருங்கள்.

இப்போது அந்தப் பீப்பாய்க் கேள்வியை எடுப்போம். இந்தத் தோலை ஆக்கியவர் யார்?

பண்டை இந்தியரின் ஒலியியல் அறிவைப் பாராட்டி ராமன் 1922இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். பெருந்தன்மையான கட்டுரைதான். ஆனாலும் 'பண்டையோர்' என்பது வசதியான சொல். பண்டையோர் பெயர் கேட்கமாட்டார்கள், கூலி கேட்கமாட்டார்கள், சபைக்கு வந்து பக்கத்தில் அமரமாட்டார்கள். ராமன் மணல் தூவிய அதே ஆண்டுகளில் தஞ்சாவூரில் உயிரோடிருந்து, பச்சைத்தோலின் நாற்றத்தின் நடுவே உட்கார்ந்து, அந்தக் கரிய வட்டத்தை விரலால் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். செபஸ்தியான் என்பவரும் அவருடைய பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். மகன் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்தவர். மணி ஐயர் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவருவதற்காக அவர் கனத்தை மாற்றியும் கட்டை மாற்றியும் செய்து பார்த்தவை எல்லாம் சோதனைகளே. ஆய்வேடு மட்டும் எழுதப்படவில்லை. மிருதங்கம் செய்தோரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபஸ்தியனும் மைந்தர்களும்' எனப் பொருள்படும் ஆங்கில நூலாகக் கொண்டுவந்தபோதுதான் இப்பெயர்கள் பலருடைய காதில் விழுந்தன. பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர். பசுத்தோலின்றி மிருதங்கம் இல்லை என்பதையும் அந்நூல் மூடி மறைக்காமல் சொன்னது. வெளியீட்டுக்கு இடந்தர முதலில் இசைந்த சென்னைக் கலாக்ஷேத்ரா பின்னர் மறுத்துவிட, விழா வேறிடத்தில் நடந்தது. 2020இல் நடந்தது இது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நாமும் இதில் புறத்தே நிற்கிறவர்கள் அல்லர். சாவீட்டுக்குப் பறை வேண்டும், கோயிலுக்குப் பறை வேண்டும். பறையை அடித்தவரை வாசலோடு நிறுத்திய வழக்கத்தை வன்னியும் யாழ்ப்பாணமும் நன்கு அறியும். தீயில் எவ்வளவு நேரம் காட்டினால் தோல் எந்தச் சுருதிக்கு ஏறும் என்ற அறிவு அந்த வாசலுக்கு வெளியேதான் இருந்தது.

செவிக்கு எட்டும் ஓசையால் அறியக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. செக்கனுக்கு ஆயிரம் முறை அதிரும் ஓசை உருக்கினுள் போனால் அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய ஆறு மீற்றர். ஆறு மீற்றர் காலடி வைத்து நடப்பவனுக்கு வழியில் கிடக்கும் நெருஞ்சிமுள் தெரியுமா? சிறு குறையைக் காணச் சிற்றலை வேண்டும். செக்கனுக்கு ஐம்பது இலட்சம் முறை அதிரச் செய்தால் உருக்கில் அலைநீளம் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கும். மனிதச் செவி இருபதினாயிரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்டதைத்தான் கழியொலி என்கிறோம். இதனைப் பிறப்பிக்கும் வழியைப் பியர் கியூரியும் தமையன் ஜாக்கும் 1880இல் தற்செயலாகத் திறந்துவைத்தார்கள் எனலாம்: சில பளிங்குகளை அழுத்தினால் மின் எழுகிறது. மின்னூட்டினால் அவை அதிரும் என்பது அதன் மறுபக்கம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக போல் லாஞ்செவன் குவாட்ஸ் பளிங்கை அதிரவைத்தார். 1928இல் லெனின்கிராட்டில் சோக்கலோவ், உலோகத்தின் உட்குறையைக் கழியொலியால் காணலாம் என்றார். 1940இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஃபயர்ஸ்ரன், அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடிக்கும் கருவிக்கு உரிமம் கேட்டார். போருக்குப் போர் இக்கலை வளர்ந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று, உண்மை அதுதான்.

ராமன் இங்கும் வருகிறார். கழியொலி ஓடும் திரவத்தினூடாக ஒளியைச் செலுத்தினால், ஒளி பல கதிர்களாகப் பிரிந்து விழுவதை 1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டிருந்தார்கள். ஏன் அப்படி விழுகிறது என்பதை ராமனும் நாகேந்திரநாதும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் தொடர் கட்டுரைகளாக விளக்கினார்கள். ஓசை ஓடும் திரவம் நெருக்கமும் நெகிழ்வும் மாறிமாறி வரும் ஒரு சீப்பைப் போல் ஒளிக்கு முன்னால் நிற்கிறது என்பது அதன் சாரம். கதிர்களின் இடைவெளியை அளந்தால் திரவத்தில் ஓசையின் வேகம் கிடைக்கும். வேகம் கிடைத்தால் விறைப்பு கிடைக்கும் என்று முன்பே பார்த்தோம். ராமனின் மாணவர் சூரி பகவந்தம் வால்ட்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதனைப் பளிங்குகளுக்குக் கொண்டுபோனார். பளிங்கு எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடையதன்று. மரத்தை நாரோடு பிளப்பதும் குறுக்கே பிளப்பதும் போல, திசைக்குத் திசை வேறுபடும். அந்த வேறுபாட்டை ஓசை காட்டிக்கொடுத்தது.

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1985 ஒக்ரோபர் 18ஆம் நாள் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது நீர் அன்று, உருகிய சோடியம். சோடியம் 98 பாகையில் உருகி நீர்போல ஓடும். ஆனால் வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஒளியைச் சிறிதும் உள்ளே விடாது. உலையின் உள்ளே எந்தக் குழாய் எங்கே நிற்கிறது, எது விலகியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியே இல்லை. ஆகவே அந்த வகை உலைகளில் கழியொலியே கண். சோடியத்தினுள் அலையை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு உள்ளிருப்பதன் உருவத்தை வரைகிறார்கள். அங்கே 2004 முதல் 2011 வரை பணிப்பாளராயிருந்து 2018இல் மறைந்த பல்தேவ் ராஜும் அவரோடு உழைத்தவர்களும், உருக்கைச் சேதப்படுத்தாமல் அதன் உள்ளமைப்பை அறியும் கலையைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார்கள். உருக்கு என்பது பார்வைக்கு ஒரே பாளமாயினும் உள்ளே மணி மணியாக அமைந்தது. மணி பருத்தால் அலை சிதறி மெலியும். வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்து உள்ளே புதிய துணுக்குகள் பிறந்தால் வேகம் சற்று மாறும். அந்தச் சற்றைப் பிடிக்கும் காது வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. அப்பொலோ வீரர்கள் கொண்டுவந்த நிலாக்கற்களில் ஓசையின் வேகம் பூமியின் கற்களைவிட மிகக் குறைவாயிருந்தது. ஷ்ரைபர், அன்டர்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் 1970இல் 'சயன்ஸ்' இதழில், எந்தப் பூமிப்பொருளோடு இது ஒத்துப்போகிறது என்று பட்டியலிட்டார்கள். கிடைத்தது பாற்கட்டி! நிலா பாற்கட்டியாலானது என்ற மேலைநாட்டுப் பழங்கதையை வைத்து அவர்கள் செய்த குறும்பு இது. உண்மைக் காரணம், மோதுண்டு மோதுண்டு அக்கற்கள் முழுவதும் நுண்வெடிப்பாகிக் கிடந்ததே. வெடித்த பானை கணீரென்னாது. நிலாவுக்கும் அதே சட்டந்தான்.

பொருளை முழுதாக அதிரவைத்து அது விரும்பி ஒலிக்கும் சுரங்களைக் கேட்கும் முறையும் பின்னர் பெருவழக்காயிற்று. சில மில்லிமீற்றர் அளவான பளிங்கை இரு அதிர்விகளுக்கிடையே மூலையோடு மூலையாகத் தாங்கி, மீடிறனை மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்தெந்த இடத்தில் பளிங்கு துள்ளுகிறதோ அவற்றைக் கொண்டு அதன் எல்லாத் திசை விறைப்பையும் ஒரே சோதனையில் கணிக்கலாம். மின்தடையின்றி மின் கடத்தும் புதுவகைப் பளிங்குகளின் இரகசியம் தேடுவோர் இன்றும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லுக்கும் இதே சோதனை வந்தது. நமது சிற்பிகள் உளியால் தட்டிக் கேட்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரிப்பர். மணிபோல நின்று ஒலிப்பது ஒன்று, ஓசையே எழாதது இன்னொன்று. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் விசயநகரத்து ஹம்பி விட்டலர் கோயிலிலும் தட்டினால் பாடும் கற்றூண்கள் உண்டு. உள்ளே குழாய்போல் குடைந்திருக்கிறார்கள் என்பது நெடுநாளைய பேச்சு. கல்பாக்கத்து ஆய்வாளர் ஹம்பியின் பதினொரு தூண்களை எடுத்து, விரலால் தட்டிய ஓசையைப் பதிந்து, கழியொலியால் கல்லில் ஓசையின் வேகத்தை அந்த இடத்திலேயே அளந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தூண்கள் குடைந்தவை அல்ல, திண்ணியவை. ஒவ்வொன்றின் நீளமும் தடிப்பும் கல்லின் விறைப்பும் சேர்ந்து, வளைந்து அதிரும்போது எந்தச் சுரம் எழவேண்டுமோ அந்தச் சுரமே எழுகிறது. எந்தத் தடிப்புக்கு எந்தச் சுரம் என்று செதுக்கியவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று தூண் சொல்லவில்லை. ஓசை அவ்வளவு தூரம் உள்ளே போகாது போலும்.

முல்லைத்தீவுக்குத் திரும்புவோம். குண்டு விழுந்து எரிந்த கட்டடமொன்று பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும்; இருக்கவிடுவதா, இடிப்பதா? கொங்கிறீற்றின் ஒரு பக்கத்தில் கழியொலி அதிர்வியையும் மறுபக்கத்தில் வாங்கியையும் வைத்து அலை கடக்கும் நேரத்தை அளப்பது உலகெங்கும் பொறியியலார் கையாளும் வழி. செக்கனுக்கு 4.5 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் நற்கொங்கிறீற்று. மூன்றுக்குக் கீழே இறங்கினால் சந்தேகத்துக்குரியது.

மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடியையும் ஓசையால் தேடலாம் என்று அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சபாற்றியரும் குழுவினரும் செய்து காட்டினார்கள். பெரிய ஒலிபெருக்கிகளால் நிலத்தை அதிரவைத்து, நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு நடுங்குகிறது என்பதை லேசர் ஒளியால் அளப்பது அம்முறை. மண் கெட்டி, மிதிவெடி உள்ளே குழிவும் நெகிழ்வான மூடியும் உடையது. ஆகவே அது கிடக்கும் இடத்து மண் மட்டும் அயலைவிடக் கூடுதலாகத் துள்ளும். மண்ணுக்குள் புதைந்தாலும் வெறும்பானை வெறும்பானைதான். உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்ரிக் வெடிகளையும் இது காணும் என்பது இதன் சிறப்பு. ஆனால் கருவி பெரிது, விலை அதிகம், வேகம் குறைவு. பெரும்பாலும் ஆய்வுக்களத்தோடு நின்றுவிட்டது.

2009க்குப் பின் வன்னி நிலத்துக்கு வந்தவை உலோகங்காணிகளும் மண்வாரிகளும் மோப்ப நாய்களும். உலோகங்காணி மண்ணுக்குள் அனுப்புவது காந்தப்புலம், ஒலியன்று. கிடைத்ததை மட்டும் ஓசையாக்கிச் சொல்கிறது. அந்த ஓசைக்குக் காது கொடுத்தவர்களில் பெருந்தொகையினர் இதே மண்ணின் பெண்கள். முகத்தில் கண்ணாடித் தடுப்பும் மார்பில் கனத்த கவசமுமாக, வைகாசி வெயிலில் முழந்தாளில் நின்று, ஒரு சாண் நிலத்தைக் கேட்டு முடித்தபின் அடுத்த சாணுக்கு நகர்வார்கள். கருவி கூவினால் கை நிற்கும். பெரும்பாலும் அது ஓர் ஆணி, ஒரு மீன்ரின் மூடி, ஒரு சன்னக்கோது. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் கை நிற்கத்தான் வேண்டும்.